கோச்சக்காவை அனுப்பிய வருஷம்

பாளையங்கோட்டையில் ஓர் அண்ணாச்சி, பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார். அவருக்கு இரும்பு, சிமெண்ட் வியாபாரம். பந்தாட்டம் பெரிதாகத் தெரியாது, ஆனாலும் எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. நான் கோல்கீப்பர், கேப்டனும் நான்தான். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கடற்கரை ஊர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். அவரை நாங்கள் கோச்சக்கா என்போம்.

அவர் கத்துகிற ஆள் இல்லை. ஆட்டம் முழுக்கக் கோட்டோரமாக நடந்துகொண்டே இருப்பார். பந்து கிடைத்ததும் நாங்கள் பதறினால் “பைய, பைய” என்று ஒரு குரல் வரும். அதைக் கேட்டால் கால் தானாக அடங்கிவிடும்.

எங்களுக்குக் கோல் போடுகிறவள் ஸ்ரீவைகுண்டத்துப் பெண். கல்லூரியில் இரண்டாம் வருஷம். அப்பாவும் அம்மாவும் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. பந்து அவள் காலுக்குப் போனாலே கூட்டம் எழுந்து நிற்கும். அந்த வருஷம் சீசன் பாதியில் அவளுக்கு வலது முழங்கால் வீங்கியது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அதைப் பார்த்துக் கோச்சக்கா கண்டுபிடித்துவிட்டார்.

“ஏளா, இங்கன உக்காரு.”

முழங்காலைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“வலிக்கவே இல்லக்கா.”

“வலிக்கலன்னா எதுக்குக் கண்ண மூடுத? ஒரு மாசம் நீ ஆட வேண்டாம்.”

அடுத்த ஆட்டத்துக்கு அண்ணாச்சி தன் சொந்தக்காரர்களையும் கூட்டாளிகளையும் கூட்டி வந்திருந்தார். அவள் ஆட்டத்தைக் காட்டத்தான். அவளோ பெஞ்சில் இருந்தாள். நாங்கள் தோற்றோம். அதற்கடுத்த ஆட்டத்திலும் தோற்றோம். கூட்டத்தில் சிலர் கோச்சக்காவைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கடை மாடிக்கு அண்ணாச்சி கோச்சக்காவையும் என்னையும் கூப்பிட்டார். காபி வந்தது. மூன்று பேருமே குடிக்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்கம்மா,” என்றார். “நல்லா ஆடுத புள்ளைய உக்கார வச்சுட்டுத் தோத்தா நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல? சென்னையிலேர்ந்து ஒருத்தரைப் பேசியிருக்கேன். நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

கோச்சக்கா எழுந்துகொண்டார். தனக்காக ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

“சரி அண்ணாச்சி. அந்தப் புள்ளைய மட்டும் ஒரு மாசம் இறக்காதீங்க. புதுசா வாரவர்ட்டயும் சொல்லிருங்க.”

அண்ணாச்சி தலையை ஆட்டினார். மனதில் வாங்கி ஆட்டினாரா, பேச்சு முடிந்தால் சரியென்று ஆட்டினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

புதிதாக வந்தவர் இளைஞர். கெட்டவர் இல்லை, நன்றாகப் படித்தவர். முழங்கால் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு ஓடச் சொன்னார். ஓடினாள். குதிக்கச் சொன்னார். குதித்தாள். “நல்லாத்தானே இருக்கா?” என்றார் என்னிடம். வீக்கமும் வற்றியதுபோல்தான் இருந்தது.

அவளை இறக்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டாள். அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு மட்டும் ஆட்டத்தில் மனம் ஒன்றவில்லை. பந்து என் கைக்கு வரும்போதெல்லாம் வலப்பக்கக் கோட்டோரம் “பைய” என்று கேட்டது. திரும்பினால் வெறும் புல். பின்வரிசையில் ஆடுகிறவளும் அந்தப் பக்கம் திரும்பியதை ஒருமுறை பார்த்தேன்.

அதற்கடுத்த ஆட்டத்தில்தான் அது நடந்தது. எதிராளி யாரும் அவள் மேல் படவில்லை. பந்தை நிறுத்திவிட்டு இடப்பக்கம் திரும்பினாள், உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அப்படியே சாய்ந்தாள். நான் மைதானத்தின் அடுத்த கோடியில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றேன். அங்கே எந்தச் சத்தமும் கேட்டிருக்க முடியாது. ஆனால் காய்ந்த சுள்ளியை ஒடித்தாற்போல ஒரு சத்தம் எனக்குள் இருக்கிறது. பிற்பாடு என் மனம் சேர்த்துக்கொண்ட சத்தம் என்று தெரிந்தாலும் அது போகமாட்டேன் என்கிறது.

முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்த மறுநாள் கோச்சக்கா திருச்செந்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சி நின்றிருந்தார். இரண்டு நாளாக அங்கேயேதான் நின்றார்.

“நீங்க திரும்பி வந்துருங்கம்மா,” என்றார். “சென்னைக்காரர்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

“பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேந்துட்டேன் அண்ணாச்சி.”

“நான் அவர்ட்ட சொல்லியிருக்கணும்.”

கோச்சக்கா ஆரஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டார். உள்ளே போனார். நானும் கூடப் போனேன்.

கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோச்சக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

“அண்ணாச்சிட்ட நான்தான் போய்ச் சொன்னேன்க்கா. உங்களுக்கு என்னக் கண்டா ஆகல, அதான் உக்கார வைக்குதீங்கன்னு.”

அது எனக்கு அதுவரை தெரியாது.

“தெரியும்ளா,” என்றார் கோச்சக்கா.

“எப்ப தெரியும்?”

“அன்னைக்கே.”

“பொறவு ஏன் என்னை ஏசல?”

“ஆட ஆசைப்படுத புள்ள அப்படித்தான் செய்யும். நானும் உன் வயசுல செஞ்சிருப்பேன். ஏசி என்ன செய்ய?”

அவள் அழுதாள். கோச்சக்கா தலையணையைச் சரிசெய்தார், ஆரஞ்சை உரித்து ஒரு சுளையைக் கையில் கொடுத்தார். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஒரு வருஷம் கழித்து அவள் மறுபடி ஆடிப் பார்த்தாள். ஓட முடிந்தது, திரும்பத்தான் பயம். பந்து காலுக்கு வந்ததும் சும்மா நின்றுவிடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்களால் முடியவில்லை. அவளே விட்டுவிட்டாள். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கோர்ட் பக்கம் நான் போனால் என்னோடு டீ குடிப்பாள். மைதானம் இருக்கிற தெரு வழியாக மட்டும் போகமாட்டாள், சுற்றித்தான் போவாள்.

அண்ணாச்சி அந்த சீசனோடு அணியைக் கலைத்துவிட்டார். அவரை எங்கே பார்த்தாலும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு கல்யாணப் பந்தியில் இலை போட்டுச் சோறு வைத்தாயிற்று. அவர் சாப்பிடாமல் என்னிடம் கேட்டார்.

“அன்னைக்கு அந்தம்மா சொன்னதுக்கு நான் சரின்னு தலைய ஆட்டினேன்லா?”

“ஆட்டினீங்க அண்ணாச்சி.”

“எனக்கும் அப்படித்தான் ஞாபகம்,” என்றார். ஆட்டவில்லை என்று நான் சொல்லமாட்டேனா என்று எதிர்பார்த்த முகம் அது. இதே கேள்வியை அவர் பலமுறை கேட்டுவிட்டார்.

ஆடுவதை விட்டபின் நான் பயிற்சியாளர் படிப்பு முடித்தேன். போன மாதம் ஒரு பெண்கள் அணியிலிருந்து கூப்பிட்டார்கள். சீசன் நடுவில் அவர்களுடைய தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்களாம், உடனே வர முடியுமா என்றார்கள். அவருடைய போன் நம்பரைக் கேட்டேன். எதற்கு என்றார்கள். பேசிவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றேன். அரைமனதாகக் கொடுத்தார்கள்.

அவரைக் கூப்பிட்டு நான் யாரென்று சொன்னேன். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“சார், கோவப்படாதீங்க. புள்ளைகளைப் பத்தி எதாவது சொல்லணும்னா சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்.”

அவர் வைக்கவில்லை. யாருக்கு இடுப்பில் பிடிப்பு இருக்கிறது, யார் காலையில் சாப்பிடாமல் வருகிறாள், யாரைத் திட்டினால் ஆட்டமே போய்விடும் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினார். நான் காத்திருந்தேன். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.