அத்தைக்குத் துணையாகக் கோகர்ணம் போனது

என் ஒன்பதாவது வயதில் எனக்கு ஒரு பெரிய உத்தியோகம் கிடைத்தது. அத்தைக்குத் துணை. கல்யாணமாகாத பெண் தனியாக வெளியூர் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கூட ஒரு குழந்தையை அனுப்பிவிட்டால் அந்தச் சட்டம் திருப்தியடைந்துவிடும். குழந்தை பஸ்ஸில் வாந்தியெடுத்தாலும், வழியில் தொலைந்தே போனாலும், துணை துணைதான். அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து பெங்களூர் ஆஸ்டின் டவுன் தெருநாய்களை அதட்டிக்கொண்டு தனியாகவே வீட்டுக்கு நடந்து வருகிறவள். அவளைக் காப்பாற்றும் பொறுப்பு, இருட்டில் பின்பக்கத்து பாத்ரூமுக்குப் போகப் பயப்படுகிற என்னிடம் வந்து சேர்ந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா காலமாகிவிட்டதால் எங்களோடுதான் இருந்தாள். முப்பது வயது தாண்டிவிட்டது. அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்காமல் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் கேசரி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் பதில் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். கடைசியில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நர்ஸ் வேலை வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்கள். அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அத்தை சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. டியூட்டிக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். தசரா லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை தரகர் பதில் கேட்க வருவதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி பொண்ணு கோகர்ணத்துல கடல்ல முழுகி, சாமி கும்பிட்டுட்டு வரணுமாங்க. இல்லன்னா தோஷம் கூடவே வருமாம்."

"கோகர்ணமா? அது கார்வார் கிட்ட இல்ல கீது? ஏன், திருப்பதி போதாதாமா?"

"திருப்பதில ஏதுங்க கடலு?"

 எந்த ஜோசியர், எந்தத் தெரு என்று அப்பாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஜோசியர் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கையும் காலும் ஓடாது. சில நாட்களுக்கு முன்னால் அத்தையோடு வேலை பார்க்கும் அங்கோலாக்காரி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து, தன் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கோகர்ணத்தில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு குன்று ஏறி இறங்கி, கடற்கரை கடற்கரையாக நடந்தே போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததும், அத்தை அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டதும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்ததும் அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் புத்தி எனக்கு இல்லை.

அப்பாவுக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்காது. தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மாவால் நகர முடியாது. அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. அத்தை யாரோ டாக்டர் மகனின் என்.சி.சி. பையை இரவல் வாங்கிவந்தாள். பச்சை நிறம், எங்கு பார்த்தாலும் பட்டை, பக்கிள். "என்னம்மா, பார்டருக்கா போறே?" என்றார் அப்பா. எனக்கு என் ஸ்கூல் பை. அம்மாதான் எல்லாவற்றையும் அடுக்கினாள். புளிசாதம், வடாம், இரண்டு புடவை. புடவைகளுக்கு அடியில் அத்தையின் சுடிதாரை வைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

"கோயிலுக்கு எதுக்கும்மா சுடிதாரு?"

"அது ஒண்ணும் எடத்த அடைக்காது. நீ வாய மூடிக்கினு போ."

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, விடிந்த பிறகு கும்டாவில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துக் கோகர்ணம் போய்ச் சேர்ந்தோம். நான் என் கடமையில் கண்ணாக இருந்தேன். வழியெல்லாம் அத்தையின் புடவைத் தலைப்பு நுனியைக் கையில் சுற்றி வைத்திருந்தேன். வாந்தி ஒரு தடவைதான் எடுத்தேன், அதுவும் ஜன்னலுக்கு வெளியே.

ஜோசியர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அத்தை புடவையோடு கடலில் முழுகினாள், நானும் முழுகினேன். பிறகு பிள்ளையார், பிறகு சிவன். விபூதியும் வில்வமும் தேங்காய் மூடியும் கொடுத்தார்கள். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி என் ஸ்கூல் பைக்குள் வைத்தாள் அத்தை. "இதுதான் முக்கியம், பத்திரம்," என்றாள். தரகருக்கான பதிலே என் முதுகில் இருப்பதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் தெருவில் நாங்கள் எடுத்திருந்த அறைக்குப் போய் அத்தை சுடிதாருக்கு மாறினாள். என்.சி.சி. பையை மாட்டிக்கொண்டு, "வாடி, நடக்கலாம்," என்றாள்.

அந்த நடையை இன்று நினைத்தாலும் என் மனசு நிறைந்துபோகிறது. ஊரின் தெற்கே குன்றின் மேல் ஏறினோம். மேலே செம்பாறை, தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்ததால் பாறை இடுக்கிலெல்லாம் புல். ஒரு திருப்பத்தில் கீழே முழுக் கடலும் தெரிந்தது. கோகர்ணம் வரும்வரை நான் பார்த்த மிகப் பெரிய தண்ணீர் அல்சூர் ஏரி. அதற்கு எதிர்க்கரை உண்டு. இதற்கு எதிரில் எதுவுமே இல்லாததால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இறங்கினால் ஒரு கடற்கரை, மறுபடி குன்று, மறுபடி ஒரு கடற்கரை. நண்டுகள் எங்களைப் பார்த்ததும் பொந்துக்குள் ஓடின. ஒரு முந்திரி மரத்து நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

அந்த வழியாக ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் பையைவிடப் பெரிய பையோடு தனியாக வந்தாள். அத்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குன்றேறிப் போனாள்.

"அத்தை, அவங்களுக்குத் துணை யாரு?"

 அந்தப் பெண் மேட்டைத் தாண்டி மறைகிற வரைக்கும் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வந்த குழந்தையை அந்த வெள்ளைக்காரி வழியில் எங்கேயோ தொலைத்திருப்பாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த கடற்கரையில்தான் அது நடந்தது. அங்கே நடுவில் ஒரு பாறைத் திட்டு கடலுக்குள் நீண்டிருந்தது. போய்ப் பார்க்கலாம் என்று அத்தை சொன்னதும், பைகளைக் கழற்றி, தண்ணீருக்குக் கொஞ்சம் தள்ளி, கெட்டியான ஈர மணலாகப் பார்த்து வைத்தோம். காய்ந்த மணலில் வைத்தால் பையெல்லாம் மண்ணாகிவிடுமாம். ஏரியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் செய்கிற காரியம் இது. ஏரி காலையில் இருந்த இடத்திலேயே சாயங்காலமும் இருக்கும். கடல் அப்படி இருக்காது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

பாறையில் உட்கார்ந்து அலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், பை போய்விட்டது என்று திடீரெனக் கன்னடத்தில் கத்தினாள்.

"ஏ! பேக் ஹோய்த்து, பேக் ஹோய்த்து!"

திரும்பிப் பார்த்தால், நாங்கள் பை வைத்த இடத்தில் கடல் இருந்தது. பச்சைப் பை அதன் கனத்தினால் அங்கேயே புரண்டுகொண்டிருந்தது. என் ஸ்கூல் பை மிதந்து போய்க்கொண்டிருந்தது. அத்தை ஓடினாள். முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், அதற்கப்புறம் ஓர் அலை வந்து அவளைச் சுருட்டிக் கரையில் போட்டது. எழுந்து மறுபடி ஓடினாள். மறுபடி சுருட்டிப் போட்டது. பை பாறைக்கு அந்தப் பக்கம் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. "பெங்களூரா நீவு?" என்று கேட்டுவிட்டு, மட்டி பொறுக்கும் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் பெருங்குரலெடுத்து அழுதேன்.

"பிரசாதம் போச்சு அத்தை! இனிமே உனக்குக் கல்யாணமே ஆகாது!"

அத்தை மணலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் மண், ஒரு காலில் செருப்பு இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆகாதா? நெஜமாவா?"

"ஆகவே ஆகாது!"

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு மல்லாந்து படுத்தே சிரித்தாள். நான் எவ்வளவுக்கு எவ்வளவு அழுதேனோ அவ்வளவுக்கு அவ்வளவு சிரித்தாள். பெண் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கடைசியில் என்னையும் இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஏனென்றே தெரியாமல் நானும் சிரித்தேன்.

மிஞ்சிய பச்சைப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறினோம். வீட்டுக்கு வந்ததும் அப்பா கைகால் அலம்பிவிட்டு வந்து, "எங்க பிரசாதம்?" என்று கையை நீட்டினார். அத்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா அந்த ஈரப்பையோடு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு இலைத் துண்டும் அதில் விபூதியும் இருந்தன. அது எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் விபூதி. போன வெள்ளிக்கிழமை நானே வாங்கி வந்தது. அப்பா கண்ணை மூடி, பயபக்தியோடு நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். சாமி கணக்கில் இது எத்தனையாவது குற்றமோ என்று நான் நடுங்கினேன்.

அன்று அம்மா என்னைக் குளிக்க வைத்தாள். சீயக்காய் தேய்க்கத் தேய்க்கத் தலையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. கோயிலைப் பற்றிக் கேட்பாள், பையைப் பற்றிக் கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க அத்தை சிரிச்சாளா?"

இது என்னைப் பிடிப்பதற்கான கேள்வி என்று எனக்குத் தோன்றியது. சாமி கும்பிடப் போன இடத்தில் சிரிக்கலாமா? "இல்லம்மா, கும்பிட்டுக்கினேதான் இருந்தாங்க," என்றேன்.

தலையைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "ஒரு தடவகூடவா சிரிக்கல?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பொய் நிற்கவில்லை. பை போனது, அத்தை உருண்டது, மணலில் படுத்து வயிறு வலிக்கச் சிரித்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.  அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கோபம் என்று நினைத்தேன். அத்தையைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று எனக்கும் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்த அம்மாதான் பேசினாள்.

"அவளுக்கு இஷ்டமில்லீங்க. வேலைய விடறவ இல்ல அவ. வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க."

அத்தை சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் இன்னும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அப்பா நாலு நாள் தனியாகவே உட்கார்ந்து சாப்பிட்டார். ஐந்தாம் நாள், டியூட்டிக்குப் போகிற தங்கையைப் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அத்தை இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்து, கௌரவமாக ஓய்வு பெற்றாள். நடுவில் எத்தனையோ லீவுகளில் என்னையும் கூட்டிக்கொண்டு எத்தனையோ ஊர்களுக்கு நடந்தாள். அம்மாவும் அத்தையும் இருந்த வீட்டில் பிறந்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. பிரசாதத்தைத் தொலைத்த துணை நான், அதனால்தான் கல்யாணம் நின்றுபோனது என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அத்தையைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பியதாக நினைத்திருந்தேனே ஒழிய, அவளைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்காகத்தான் அம்மா அனுப்பினாள் என்பதும், குளிக்கும்போது நான் அழுதுகொண்டே சொன்ன பதிலுக்காகத்தான் அவள் அத்தனை நாளும் காத்திருந்தாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.