கிளாரினெட் இல்லாத தட்டு

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஸ்வெட்டரும் கம்பளியும் குடையும் விற்கிற கடை என்னுடையது. கடைக்கு மேலே, மரத்தளம் போட்ட மாடியில் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். புதன்கிழமை மத்தியானம் சுற்றுலாக் கூட்டம் இருக்காது. சாப்பாடு முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு மேலே போய்விடுவேன். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் பதிகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவரை நான் ரைட்டர் என்றே கூப்பிடுவேன். அவர் என்னைப் பாய் என்பார். இரண்டு பேருக்கும் பழைய பாட்டுப் பைத்தியம்.

பழைய சினிமாப் பாட்டுகளை மறுபடி இசைத்தட்டாக அச்சடித்து விற்கிற கம்பெனிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அட்டை எல்லாமே அழகாக இருக்கும். உள்ளே இருப்பதுதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே பாட்டை இரண்டு கம்பெனிகள் போட்டிருந்தன. ஒன்றில் வயலின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. மற்றதில் பாடகி என் கடைக் கம்பளியில் ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடுவது போல இருந்தது. இரைச்சலைத் துடைக்கிறேன் என்று குரலின் பளபளப்பையும் சேர்த்துத் துடைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் ரைட்டர் ஒரு நீளநோட்டு வாங்கி வந்து, கம்பெனிகளுக்கு மார்க் போட ஆரம்பித்தார்.

எஸ்டேட்டில் ஆளுக்கு ஆள் பேர் போட்டுப் பழகிய கை அவருடையது. கோடு போட்டுக் கட்டம் கட்டினார். பாட்டு எதிலிருந்து எடுக்கப்பட்டது, பழைய டேப்பா, யாரோ கம்ப்யூட்டரில் வைத்திருந்த நகலா என்று அட்டையில் சொல்லியிருந்தால் மார்க் உண்டு. சரணம் முழுசாக இருக்க வேண்டும். நடு ஓட்டை சரியாக நடுவில் இருக்க வேண்டும். ஒரு நூல் தள்ளியிருந்தாலும் நீட்டிப் பாடுகிற இடமெல்லாம் ஊஞ்சலாடும். வாசித்தவர்களின் பேர் போட்டிருந்தால் ரைட்டர் கூடுதலாகக் கொடுப்பார்.

"பாடுனவங்க பேரு ஊருக்கே தெரியுமுங்க பாய். தபலாக்காரன் பேர எவன் போடறானோ, அவன்தான் கம்பெனி" என்பார்.

அப்படி ஒரு புதன்கிழமை, ஓடாத ஒரு படத்தின் பாட்டுகளை மறுபதிப்பாகப் போட்ட தட்டு தபாலில் வந்தது. கம்பெனி எங்களுக்குப் புதுசு. படம் ஓடாவிட்டாலும் அதில் ஒரு பாட்டு இந்தப் பக்கத்தில் கல்யாண வீடுகளில் ஓயாமல் ஓடியது. என் மனைவிக்கு அது உயிர். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் அதைத்தான் பாடிக்கொண்டிருக்கிறாள். தட்டைப் போட்டதும் அவளும் கூடவே பாட ஆரம்பித்தாள். அனுபல்லவியில் நிறுத்திவிட்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏனுங்க, இது எட்ட மாட்டேங்குது."

"வயசாச்சில்ல" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நேத்து ராத்திரிகூடப் பாடுனனுங்க. நேத்துக்கும் இன்னைக்கும் எனக்கு வயசாயிருச்சா? பாட்டத்தான் மேல தூக்கி வெச்சிருக்காங்க. அண்ணா, நீங்க சொல்லுங்க" என்று ரைட்டரைப் பார்த்தாள்.

ரைட்டர் கண்ணை மூடி மறுபடி கேட்டார். பஜனைக்கு ஹார்மோனியம் வாசிக்கிறவர். "அரைக் கட்டை ஏறியிருக்கும் போலத்தான் தெரியுது. ஆனா பழைய தட்டு கையில இல்லாம எப்படிச் சொல்றது" என்றார். பிறகு, "ஒருத்தங்ககிட்ட இருக்குது பாய். எங்க எஸ்டேட்ல காப்பிப்பழம் எடுக்கற ஒரு அம்மா. அவங்கப்பா இந்தப் பாட்டுல கிளாரினெட் வாசிச்சாருன்னு சொல்லும். நான் அத நம்புனதில்ல" என்றார்.

அடுத்த புதன்கிழமை அந்த அம்மா லீவு போட்டுவிட்டு ரைட்டரோடு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய சேலைத்துண்டில் சுற்றிய சின்ன இசைத்தட்டு. பையை என் கையில் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்த பிளேயர் கெட்டுப் பல வருடம் ஆகிவிட்டதென்றும், அதற்கப்புறம் இந்தப் பாட்டை அந்தத் தட்டில் கேட்டதேயில்லை என்றும் சொன்னார்.

"அப்பா சேலத்துல பேண்டு செட்டுல இருந்தாருங்க. ஒரு தடவ மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயி வாசிக்கச் சொன்னாங்களாம். வரும்போது இந்தத் தட்ட வாங்கியாந்தாரு. அப்புறந்தான் மலைக்கு வேலைக்கு வந்தம். ரைட்டரய்யாகிட்டச் சொன்னா சிரிப்பாரு."

ரைட்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் புதுத் தட்டைக் கேட்கிறேன் என்றார் அந்த அம்மா. போட்டேன். பாட்டு நேராகப் பல்லவியில் தொடங்கியது. முடிகிறவரை அசையாமல் கேட்டார். ஊசியைத் தூக்கியதும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இதுல எங்கப்பா எங்கீங்க?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் அவரே பையைத் திறந்து தட்டை எடுத்து நீட்டினார். பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்த சுத்தத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, பஞ்சால் கோடு போகிற போக்கிலேயே துடைத்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது.

ஊசியை வைத்தேன். முதலில் மழை பெய்வது போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து கிளாரினெட் எழுந்தது. தாளம் கிடையாது, தபலா கிடையாது, கிளாரினெட் மட்டும். கீழே தொடங்கி மெல்லச் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, உச்சியில் நின்று, சறுக்கி இறங்கிப் பல்லவியைத் தொட்டது. அரை நிமிடம் இருக்கும். பல்லவி வந்ததும் என் மனைவி சுலபமாக எடுத்துப் பாடினாள். எங்கேயும் முட்டவில்லை. பாடிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கொட்டச்சேட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். "அந்த எடத்துல புருவத்த மேல தூக்குவாருங்க. ஊட்ல வாசிக்கறப்பவும் அப்படித்தான்" என்றார்.

ரைட்டர் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். "ஏம்மா, இத்தன வருசம் நான் நம்பாம இருந்துட்டன். தப்பு என்னோடது."

"அதனால என்னங்க, இப்பக் கேட்டீங்கல்ல" என்றார் அந்த அம்மா.

அன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு நீளநோட்டில் பூஜ்யம் விழுந்தது. வேகம் கூடிச் சுதி ஏறியது தப்பு, தொடக்கத்தை வெட்டியது தப்பு, வெட்டியதைச் சொல்லாதது அதைவிடத் தப்பு, வாசித்தவர் பேர் இல்லை. நான் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல ரைட்டர் தன் மணிமணியான கையெழுத்தில் அத்தனையையும் கடிதமாக எழுதினார். கோபத்தில் நான் சொன்ன சில வார்த்தைகளை அவராகவே விட்டுவிட்டார். அட்டையில் இருந்த விலாசத்துக்கு அனுப்பினோம். பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. ஒரு பெண் பேசினார். அந்தக் கம்பெனியே தானும் தன் கணவரும் மட்டும்தான் என்றார்.

"நீங்க எழுதினது எல்லாம் சரி சார். டேப்போட ஆரம்பம் பூஞ்சை புடிச்சு வீணாப்போயிருந்தது. எங்களுக்கு வேற நகல் கிடைக்கல, அதனால வெட்டிட்டோம். அதை அட்டையில எழுதியிருக்கணும். எழுதாம விட்டது தப்புதான். வேகத்தைச் சரிபார்க்கவும் எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அந்தச் சின்னத் தட்டை எங்களுக்கு அனுப்புவாங்களா?"

கொட்டச்சேட்டு அம்மாவிடம் கேட்டோம். தட்டு மலையை விட்டு இறங்காது என்று சொல்லிவிட்டார். "வேணும்னா அவங்க வரட்டும்ங்க. சோறு நான் ஆக்கிப் போடறேன்."

வந்தார். அந்த வாரம் மழையில் பெரிய மலைப்பாதையில் பாறை சரிந்து, பஸ்ஸெல்லாம் குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தன. பிளேயர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவும் சுற்றி வந்ததில் அந்தப் பெண் முகம் வெளுத்து இறங்கினார். என் மகள் வயதுதான் இருக்கும். மனைவி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்து அரைமணி நேரம் படுக்க வைத்தாள். கொட்டச்சேட்டு அம்மா ஒரு தூக்குப் போசி நிறையக் கோழிக்குழம்பு கொண்டுவந்திருந்தார். "சாப்பிட்டுட்டு வேல பாரு கண்ணு. தட்டு எங்கயும் ஓடிராது" என்றார்.

பெட்டியிலிருந்து வந்த பிளேயரை நான் தொட்டுப் பார்க்கவே யோசித்தேன். அந்தப் பெண் தட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஊசிகளை மாற்றி மாற்றிப் போட்டு, எது இரைச்சல் குறைவாகப் படிக்கிறது என்று கேட்டார். நாங்கள் காதால் போட்ட மார்க்கெல்லாம் எனக்கு அப்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு ஊசியைத் தேர்ந்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இது மரத்தளம். யாராவது நடந்தா ஊசி ஆடும். பாட்டு முடியறவரைக்கும் யாரும் அசையக் கூடாது."

நாங்கள் நால்வரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தோம். ரைட்டர் இருமலை அடக்க வாயில் கிராம்பு போட்டுக்கொண்டார். கிளாரினெட் ஏறி உச்சியைத் தொடுகிற நேரம், தகரக் கூரை மேல் தொம்மென்று ஒரு குரங்கு குதித்தது. ஊசி துள்ளியது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை குரங்கு தன் குடும்பத்தையே கூட்டி வந்தது. மனைவி சத்தமில்லாமல் குலுங்கிச் சிரிக்க, அவள் சிரிப்பில் கட்டில் ஆட, கட்டில் ஆடியதில் தளமும் ஆடியது. அந்தத் தடவையும் போயிற்று. அந்தப் பெண்ணே சிரித்துவிட்டார். அப்புறம் நான் பின்கட்டு வழியாக இறங்கிப்போய், ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தெருவுக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை குரங்குகளுக்குக் காவல் நின்றேன். அந்தத் தடவை எடுத்த நகல்தான் நன்றாக வந்ததாம். நான் மட்டும் கேட்கவில்லை.

கிளம்பும் முன் அந்தப் பெண் ஒரு நோட்டை எடுத்து, அப்பாவின் பேரைச் சொல்லச் சொன்னார். கொட்டச்சேட்டு அம்மா பேரைச் சொன்னார், இனிஷியலைச் சொன்னார், சொந்த ஊரையும் சொன்னார். எழுதியதை அந்த அம்மா ரைட்டரிடம் கொடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் படித்த பிறகுதான் அந்த அம்மா தலையாட்டினார்.

"எங்களுக்கு எவ்வளவு மார்க் போட்டிருந்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார். ரைட்டர் நீளநோட்டை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். மனைவிதான் காட்டிக் கொடுத்துவிட்டாள். அவர் நோட்டை வாங்கி, தன் கம்பெனிப் பக்கத்தை மட்டுமல்லாமல் மற்றக் கம்பெனிகளின் பக்கங்களையும் நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல ரெண்டு பேரு எங்க நண்பர்கள். காட்டலாமா?" என்று போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஆறேழு மாதத்தில் புது அச்சு வந்தது. முன்னால் வாங்கியவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அட்டையின் பின்பக்கம், கிளாரினெட் என்று போட்டு அந்த அம்மாவின் அப்பா பேர், ஊரோடு. தொடக்க அரை நிமிடம் ஒரு பழைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அதனால் கொஞ்சம் இரைச்சல் இருக்கும் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. கிளாரினெட்டிலிருந்து பல்லவிக்கு மாறும் இடத்தில் உண்மையிலேயே மழை நின்றது போலத் தெரியும். அது எங்களுக்குப் பிடித்திருந்தது. மார்க் போடும்போது மட்டும் சண்டை. முழு மார்க் என்றேன் நான். இரண்டாம் பக்கத்தில் நடு ஓட்டை இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கிறது, அதற்கு ஐந்து குறைத்தே தீருவேன் என்றார் ரைட்டர். அவர் சொன்னதுதான் நோட்டில் ஏறியது.

கொட்டச்சேட்டு அம்மாவுக்கு அந்தப் பெண் ஐந்து தட்டு அனுப்பியிருந்தார். அவர் வீட்டில் பிளேயர் இல்லை. எஸ்டேட்டில் வேலை முடிகிற நேரமாகப் பார்த்து, ரைட்டர் சொல்லி வைத்த ஜீப்பில் என் பிளேயரை ஏற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் போனோம். காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடுகிற கொட்டகையில் மேசை போட்டு வைத்தோம். பழச்சாக்குகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்குத்துணியோடு வந்து சுற்றி நின்றார்கள்.

கிளாரினெட் தொடங்கியது. தூரத்தில் பழம் எடுத்துக்கொண்டிருந்த சிலர் அப்போதுதான் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பல்லவி வந்ததும் பாதிப்பேர் கூடவே பாடினார்கள். என் மனைவியும் பாடினாள். கொட்டச்சேட்டு அம்மா மட்டும் பாடவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அட்டையில் பேர் இருந்த இடத்தை ஒவ்வொருத்தியிடமாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டுக்கு ஊசி போகப்பார்த்தது. அவர் என் கையைப் பிடித்தார்.

"அந்த மொதல் துண்ட மட்டும் இன்னொருக்கா போடுங்க. இவங்கல்லாம் நடந்து வர்றதுக்குள்ள பாதி போயிருச்சு."

போட்டேன். புருவத்தை மேலே தூக்கிக்கொண்டு அவர் அந்த இடத்துக்காகக் காத்து நின்றார். வந்ததும் கொட்டகையே கைதட்டியது. அன்றைக்கு அந்தத் துண்டை ஏழு தடவை போட வேண்டியிருந்தது.