எக்குவடோர் ஆமையும் அப்பாவின் ஸ்டிக்கர்களும்

ஈர மட்டைப் பெட்டியும் பச்சை வாழைக்காயின் பாலும் கலந்த மணம்தான் எனக்கு எக்குவடோர். புலம்பெயர்ந்து வந்து குட்மேய்ஸில் நாங்கள் இருந்த வீட்டுக்குள் அது அப்பாவின் ஜாக்கெட்டோடு வரும். அங்கிருந்து கப்பலில் வரும் வாழைக்காயைப் பழுக்கவைக்கும் களஞ்சியமொன்றில் அவருக்கு வேலை.

ஐந்தாம் ஆண்டில், ஒரு தென்னமெரிக்க நாட்டைப் பற்றி மட்டையில் ஒட்டிக் காட்டும்படி ஆசிரியை சொன்னபோது, எனக்கும் என் வகுப்பு ஜெரினுக்கும் ஒரே நாடு, எக்குவடோர், விழுந்தது. ஜெரினின் தகப்பன் டொக்டர். அவன் கொண்டுவந்த தடித்த புத்தகத்தில் மேற்கே கடலோரச் சமவெளி, நடுவில் அந்தீஸ் மலை, கிழக்கே அமேசன் காடு என்று எல்லாம் வழுவழுவென்று கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கலாபகோஸ் தீவின் இராட்சத ஆமையொன்று முழுப்பக்கத்தில் கழுத்தை நீட்டி நின்றது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன அப்பாவிடம் புத்தகம் கேட்க மனம் வரவில்லை. அவரோ கழித்த பழங்களில் உரித்த ஸ்டிக்கர்களை மெழுகுத்தாளில் ஒட்டிவந்து, "இந்தா தம்பி, உன்ர நாடு" என்று தருவார். கிளி போட்டது, கப்பல் போட்டது, சூரியன் போட்டது. எனக்கு அவை வெறும் "குப்பை".

"ஸ்டிக்கரைத் தா, ஆமையைத் தாறன். மாத்துவமாடா?" என்று ஜெரின்தான் கேட்டான்.

"பக்கத்தைக் கிழிச்சா உன்ர அப்பா ஏசமாட்டாரே?"

"அவர் இதையெல்லாம் பாக்கிறேல்லை."

பெற்றோரை அழைத்த அன்று, என் மட்டையில் ஆமை நின்றது. பக்கத்தில் ஜெரினின் மட்டையில், நாட்டுப்படத்தின் கடலோரம் முழுக்க அப்பாவின் ஸ்டிக்கர்கள். அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜெரினின் மட்டைக்குக் கிட்டப் போனார்.

"அங்கிள், வாழைப்பழமெல்லாம் பச்சையாவே வரும்?" என்றான் ஜெரின்.

"ஓம் ராசா. பச்சையில வெட்டிக் குளிர்ல வைச்சா, கப்பல்ல நித்திரை கொண்டு வரும். இஞ்ச நாங்கள்தான் எழுப்பிறது."

ஜெரின் சிரித்தான். அப்பா கைகளை விரித்து, குளிரறையையும் அதற்குள் விடும் வாயுவையும் அவனுக்கு விளக்கிக்கொண்டே போனார். எனக்கு அவர் சொல்லாத கதை. நான் ஒருநாளும் கேட்காத கதை. ஆமை என்னிடம் வந்துவிட்டது, எரிச்சல் மட்டும் போகவில்லை.

எங்கள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான், படித்ததும் புவியியல்தான். களஞ்சியம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி எழும்பிவிட்டது. போன கிழமை நான் வாங்கிப்போன பழத்தின் ஸ்டிக்கரை அப்பா உரித்தார். என்னையறியாமல் கையை நீட்டினேன். அவர் அதைச் சுருட்டித் தோலோடு குப்பைவாளிக்குள் போட்டார்.

"உன்ர அந்தச் சிநேகிதப் பெடியன், வாழைப்பழக் கதை கேட்டவன், சுகமா இருக்கிறானே?" என்றார்.