வெங்காயத்தாள் நிற மோரிஸ் மைனரை விற்ற கதை

பழைய காரை ஓட வைப்பதில் உடம்புதான் வலிக்கும், அதை விற்கும்போது வேறெங்கோ வலிக்கும் என்பது, இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட யாருக்கும் தெரியாததல்ல.

பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஓரம் எனக்கு ஒரு ஷெட் இருந்தது. பழைய கார்களை வாங்கி, சரி பண்ணி விற்பேன். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த அந்த மோரிஸ் மைனரை அரியலூர்ப் பக்கம் ஒரு பங்களாவின் கொல்லைப்புறத்தில் கண்டெடுத்தேன். பின்சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் நானும் டிங்கர் மாணிக்கமும் அதோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் வெங்காயத்தாள் மாதிரி ஒரு வெளிர்பச்சை அடித்து வெயிலில் நிறுத்தியபோது, மாணிக்கம் கையிலிருந்த பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றார்.

நானே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, நாலுவழிச் சாலைக்கு அளக்க வந்தவர்கள் ஷெட் சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். என் வீடு இருக்கிற சந்தில் சைக்கிளைத் திருப்பவே இடம் கிடையாது. விற்றே ஆகவேண்டும்.

தூக்கம்

முதலில் வந்தவர் லப்பைக்குடிக்காடு யூசுப் பாய். துபாயில் பன்னிரண்டு வருஷம் டிரைவராக இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். காரைச் சுற்றி வந்தார், பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார், ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டார். ஆயுசு முழுக்க முன்சீட்டிலேயே உட்கார்ந்த மனுஷன் என்று நானும் ஓட்டினேன்.

துறையூர் ரோட்டில் புளியமர நிழல் ஒவ்வொன்றாகக் காரின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குரும்பலூரைத் தாண்டும்போது பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, நான் இறங்கி வெளியே உட்கார்ந்துகொண்டேன். பக்கத்துக் கொல்லையில் மக்காச்சோளம் அசைகிற சத்தம் மட்டும்தான். ஒரு மணி நேரம் போயிருக்கும்.

எழுந்து முகம் கழுவினார். ஊருக்கு வந்ததிலிருந்து, ஏ.சி. சத்தம் இல்லாமல் கண்ணே மூடவில்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்ல வண்டிண்ணே, மாஷா அல்லாஹ். ஆனா எனக்கு வேண்டியது கெடச்சிடுச்சு. வண்டிய வேற யாருக்காச்சும் குடுங்க."

கை

இந்தக் காரில் இண்டிகேட்டர் லைட் கிடையாது. திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து, ரயில் கைகாட்டி மாதிரி ஒரு சின்னக் கை வெளியே நீளும், மஞ்சள் வெளிச்சத்தோடு. அதைச் சரிசெய்யத்தான் மாணிக்கத்துக்கு நாலு மாதம் பிடித்தது.

அரியலூரில் ஒருவர் பார்க்க வேண்டும் என்றாரென்று ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு சுண்ணாம்புக்கல் லாரி பின்னாலேயே வந்தது. நான் போனதோ மாட்டுவண்டி வேகம். வழி விட்டு ஒதுங்கினேன், லாரிக்காரன் முந்தவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம், குழி தோண்டினால் சிப்பி கிடைக்கும். வெள்ளைப் புழுதியில் முன்னே நானும் பின்னே அந்த லாரியும் ஏதோ தண்ணீருக்கடியில் போவது மாதிரி மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தோம்.

டீக்கடையில் நிறுத்தினேன். அவனும் நிறுத்தினான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, ரொம்ப வருத்தமாகச் சொன்னான்: "அந்தக் கை ஒரு தடவ வெளிய வருமான்னுதான் பின்னாடியே வந்தேண்ணே. நீங்க எங்கயுமே திரும்பல."

கொல்லை

குன்னத்திலிருந்து ராமசாமி என்ற வெங்காய விவசாயி வந்தார். எத்தனை மூட்டை ஏறும் என்பதுதான் முதல் கேள்வி. நாலு ஏறலாம் என்றேன். டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, மூன்றுதான் என்றார். அதோடு வியாபாரம் முடிந்தது. ஆனாலும் தன் மனைவி ஒருதரம் உட்கார்ந்து பார்க்கட்டும், ஊர்வரை ஓட்டி வரமுடியுமா என்று கேட்டார்.

போனேன். அந்த அம்மா களை பறித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினார். அவர்கள் கொல்லையைச் சுற்றி வண்டிப்பாதையில் ஊர்ந்தோம். பருத்தி வெடித்திருந்த நேரம். அவர் கண்ணாடி ஓரம் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது புருஷனைப் பார்த்துக் கேட்டார்: "இது நம்ம கொல்லதானா? குனிஞ்சு நிக்கறப்ப இப்புடித் தெரியலியே."

மாப்பிள்ளை பார்த்தது

ஒரு ஓட்டல்காரர் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஓட்டல் வாசலில் மேடை கட்டி ஏற்றி, பானெட்டுக்குள் பூச்செடி வைப்பதாக ஏற்பாடு. நான் முடியாது என்று அனுப்பிவிட்டேன். பொங்கலுக்கு மூன்று மாதம்கூட இல்லை. அன்றைக்குச் சாப்பாடு போடும்போது என் மனைவி செல்வி நிதானமாகச் சொன்னாள்: "நம்ம பொண்ணுக்கு மாப்ள பாக்கறப்பகூட நீங்க இவ்ளோ யோசிக்கலீங்க."

டிரங்க் கால்

கடைசியாக வந்தவர் கமலவேணி அம்மா. அரியலூரில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, வெளியூருக்குப் பேச வருகிறவர்களுக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுத்தே ரிட்டயர் ஆனவர். தனி ஆள். பஸ்ஸில் வந்து இறங்கி, காரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓட்டத் தெரியாது, சொல்லிக்கொடுக்க முடியுமா என்றார். பழகுவதற்கு ஏற்ற வண்டி இதில்லை, கியர் கெட்டுவிடும் என்றேன். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு தினமும் காலை பஸ்ஸில் வந்தார். அந்த வருஷம் மழை பொய்த்து வற்றிக் கிடந்த ஏரியில் பழக்கினேன். முதல் வாரம் கியர் கறகறக்கும்போதெல்லாம் நான் டேஷ்போர்டைத் தடவிக் கொடுத்தேன். ஒருநாள் ஏரி நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். பனி இன்னும் விலகவில்லை, கரை தெரியவில்லை. உடம்புக்கு என்ன என்று பதறிக் கேட்டேன். ஒன்றுமில்லை, காதில் யாரும் பேசாமல் இருப்பது நன்றாக இருக்கிறது என்றார். காரை இவருக்குத்தான் கொடுப்பது என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

லைசென்ஸ் வந்து, ஆர்.சி. புத்தகமும் அவர் பெயருக்கு மாறிய அன்று, முதலில் எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டேன். சாவியை வாங்கிக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் சேலம், மதுரை, தஞ்சாவூர்னு கூப்புட்டுக் கூப்புட்டு மத்தவங்க கையில குடுத்தேன் சார். ஒரு ஊரயும் பாத்ததில்ல. வரிசையாப் போயி இருக்குதான்னு பாத்துட்டு வரேன்."

இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் கார் விற்ற நான், அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வீடு போய்ச் சேர்ந்தேன்.