செல்லத்தாய் கொண்டுவந்த டீ

ராமலட்சுமிக்கு இரண்டாயிரத்து நானூறு வாசகர்கள் இருந்தார்கள். அதில் படிக்கிறவர் ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லும் முன் மற்றவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

மலையாளச் சீமையில் உள்ள வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோர் ஒன்றில் நாங்கள் வேலை பார்க்கிறோம். நான் மேற்பார்வை, பேர் கற்பகம். ராமலட்சுமி மூன்றாவது மேசையில் காய் பொறுக்குகிறவள். சலித்து வந்த காயில் பிளந்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் கையால் எடுத்துப் போட்டுவிட்டு நல்லதைத் தனியே தள்ள வேண்டும். அவள் தள்ளிய தட்டில் நான் கைவிட்டு அளைந்து பார்ப்பேன். ஒரு வெளுத்த காய் அகப்பட்டாலும் தட்டு திரும்பிப் போகும். இந்த வேலையில் யாரும் யாருடைய தட்டையும் பார்த்து ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை.

மதியம் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ராமலட்சுமி ஃபோனைத் திறப்பாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில்தான் ரேஞ்ச் கிடைக்கும். அங்கே கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின் மேல் உட்கார்ந்து, ஏலக்காய்க் கறை படிந்த கட்டைவிரலால் கதை எழுதுவாள். அவள் புருஷன் அருண்பாண்டி ஜீப் ஓட்டுகிறவன். மனைவி கதை எழுதுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும், எதைப் பற்றி என்பது தெரியாது.

டிவியில் ஒரு தொடர் வந்தது. அதில் கதாநாயகனுக்கு சியாமளா என்று ஒரு அக்கா. இருநூறு நாள் வந்தாள். பிறகு அந்த நடிகைக்கு என்ன ஆனதோ, ஒருநாள் ‘அக்கா பெங்களூருக்கு ட்ரெயினிங் போயிருக்கா’ என்று ஒரு வசனம் வந்தது, அத்தோடு சரி. தம்பிக்குக் கல்யாணம் நடந்தது, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது, பங்காளிகள் வீட்டைப் பிடுங்கினார்கள். அக்கா மட்டும் ட்ரெயினிங் முடித்துத் திரும்பவில்லை. இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், ஒருத்தரும் எங்கே அவள் என்று கேட்கவில்லை. ராமலட்சுமி கேட்டாள். சியாமளாவை எங்கள் மலைக்குக் கூட்டி வந்து, ஓர் ஏலக்காய் ஸ்டோரில் உட்காரவைத்து, அவள் கதையைத் தானே எழுதினாள். ஒரு செயலியில் மாதம் ஓர் அத்தியாயம், மௌனிகா என்ற புனைபெயரில். இதற்கு ரசிகர் புனைவு என்று பேர். மற்றவர் பெற்றுவிட்டு மறந்துபோன பிள்ளையை எடுத்து வளர்ப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

என் கோபம் கீழே வந்து விழும் குப்பை மேல்தான். அந்தச் செயலியில் வாசகர் கருத்துக்கு ‘ஊக்கம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஊக்கம் என்றால் இதுதான்: ‘சூப்பர் சிஸ்.’ ‘செம்ம செம்ம.’ ‘அடுத்த யூடி எப்போ?’ யூடி என்பது அடுத்த அத்தியாயமாம், அதை முழுதாகச் சொல்லக்கூட இவர்களுக்கு நேரமில்லை. சியாமளா அடி வாங்கினாலும் சூப்பர், பட்டினி கிடந்தாலும் சூப்பர். ஓர் அத்தியாயம் ஏற்றிய முப்பதாவது விநாடியில் நாற்பது இதயம் வந்து விழும். முப்பது விநாடியில் எங்கள் ஸ்டோரில் ஒருத்தி இருமி முடிக்க மாட்டாள்.

இந்தப் படைக்குத் தலைவி வேலந்தாவளத்தில் இருக்கும் மருதாத்தாள். ‘மௌனிகாவின் தங்கங்கள்’ என்று வாட்ஸாப் குழு நடத்துகிறாள். அதில் ஒரே விதி, குறை சொல்லக்கூடாது. ஏனென்றால் எழுத்தாளர் மனசு பூப்போன்றதாம். நாள் முழுக்க நிமிராமல் காய் பொறுக்கி, அதன் பிறகு வீட்டுக்குப் போய் விறகு உடைக்கிறவளின் மனசு பூவாம். ராமலட்சுமியை இவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ராமலட்சுமிக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே பிடித்திருந்தது. ஆனாலும் ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

“நெசமாவே இது எழுத்துதானாக்கா? இல்ல சும்மா கிறுக்கிக்கிட்டிருக்கேனா? ஒரே ஒருத்தர் உள்ள பூந்து படிச்சுட்டுச் சொல்லிட்டாப் போதும்க்கா.”

“நல்லாத்தான் இருக்கு,” என்றேன். மூன்று வருடமாக அவள் “படிச்சீகளாக்கா?” என்று கேட்கும்போதெல்லாம் நான் கொடுத்த பதில் அதுதான். நான் நிறையப் புத்தகம் படித்தவள், எது தேறும் எது தேறாது என்று எனக்குத் தெரியும். இவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அவள் கேட்ட அந்த ஒருத்தி போன வருடம் அந்தச் செயலிக்கு வந்தாள். பேர் சிஞ்சு. கட்டப்பனைப் பக்கத்து மலையாளிப் பெண். கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நான்கு வருடம் வேலைக்கு நின்றபோது பெட்டி மேல் இருக்கும் எழுத்தையும் பஸ் பலகையையும் பார்த்துப் பார்த்தே தமிழ் படிக்கக் கற்றவள். முதல் கருத்தாக அவள் எழுதியது இது: ‘ஒன்பதாம் அத்தியாயத்தில் சியாமளா செருப்பில்லாமல் மலை ஏறினாள். பத்தில் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே போகிறாள். எப்போது வாங்கினாள்?’

ராமலட்சுமி அதை எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “பாருங்கக்கா, காலப் பாத்திருக்கா,” என்றாள். அன்றைக்கே பத்தாம் அத்தியாயத்தைத் திருத்தி, சியாமளாவுக்கு செல்லத்தாய் என்ற தோழியை உண்டாக்கி, அவள் தன் பழைய செருப்பைக் கொடுப்பதாக எழுதினாள். பக்கத்து மேசைக்காரி, பெரிய வாய், பெரிய மனசு. கதை அதற்குப் பிறகுதான் கதையானது.

சிஞ்சுவின் தமிழ் பாதி மலையாளம். ‘சியாமளா சத்தமாகக் கரைய வேண்டாம், அவள் அப்படிக் கரையும் ஆள் அல்ல’ என்று எழுதுவாள். கரைவது என்றால் அவர்களுக்கு அழுவது. தங்கங்கள் கூடி, சியாமளா என்ன சர்க்கரையா என்று கேலி செய்தார்கள். ராமலட்சுமிக்கு இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் எல்லாம் புரியும். அழுகையின் சத்தத்தைக் குறைத்து எழுதினாள். தட்டில் கைவிட்டு அளைந்து பார்க்கிற ஓர் ஆள் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் செல்லத்தாய் செத்தாள். மழைக்காற்றில் மரம் சாய்ந்து விழுந்து, எங்கள் மலையில் சாகிற மாதிரியே செத்தாள். தங்கங்கள் வழக்கம் போல் ‘சூப்பர் சிஸ், வெயிட்டிங்’ என்று போட்டார்கள். சிஞ்சு எழுதினாள்: ‘இந்த அத்தியாயம் முழுவதும் விஷமம். மௌனிகா சேச்சி எழுதிய விஷமத்தில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.’

மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். நெஞ்சை அடைக்கிற துக்கத்தைச் சொல்ல அவர்களுக்கு அதுதான் சொல். ஓர் எழுத்துக்காரிக்கு இதைவிடப் பெரிய மாலை யாரும் போட முடியாது. ஆனால் தமிழில் விஷமம் என்றால் கெட்ட எண்ணம். ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் தோஹாவிலும் உட்கார்ந்திருந்த தங்கங்கள் அதைத் தமிழாகப் படித்தார்கள். முதன்முறையாக ஒரு வரியை முழுதாகப் படித்தார்கள், அதையும் தப்பாகப் படித்தார்கள்.

‘எங்க சிஸ் எழுத்து உனக்கு விஷமமா?’ ‘உன் மனசுதாண்டி விஷம்.’ ‘வயித்தெரிச்சல் பிடிச்சவ.’ ஊக்கம் கொடுப்பதற்கென்றே பிறந்த வாய்கள் என்னவெல்லாம் பேசின என்பதை எழுத எனக்குக் கூசுகிறது. மூன்று வருடமாக இரண்டு சொல்லுக்கு மேல் எழுதத் தெரியாதவர்களுக்குத் திட்டுவதற்கு மட்டும் பத்தி பத்தியாகத் தமிழ் வந்தது.

சிஞ்சு ஒருமுறைதான் பதில் எழுதினாள். ‘நான் சங்கடம் என்ற அர்த்தத்தில் எழுதினேன். மௌனிகா சேச்சிக்கு அறியாம். சேச்சி சொல்லும். காத்திருக்கிறேன்.’

அறியாம் என்றால் தெரியும் என்று பொருள். தங்கங்களுக்கு அதுவும் அகப்பட்டது. எங்கள் சிஸ்ஸுக்கு அறியாமையா என்று இன்னொரு சுற்று ஆரம்பித்தார்கள்.

மறுநாள் மதியம் தொட்டி ஓரத்தில் ராமலட்சுமி கையில் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கம் எழுதி வைத்திருந்தாள், நான்கே வரி. நானும் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஏற்றுவதற்குள் மருதாத்தாள் அழைத்தாள். ராமலட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அந்தச் சொல்லுக்கு மலையாளத்துல வருத்தம்னு அர்த்தங்க மேடம். அந்தப் புள்ள தப்பா ஒண்ணும் சொல்லல,” என்றாள் ராமலட்சுமி.

“ஏனுங்க சிஸ், அது எனக்குத் தெரியாதுங்களா? எங்கூட்டுக்கு எதுத்தாப்புல பூராவும் மலையாளத்துக்காரங்கதானுங்க,” என்றாள் மருதாத்தாள். “ஆனா பாருங்க, ஒரே நாள்ல எண்ணூறு கமெண்ட்டு. லிஸ்ட்டுல மூணாவது எடத்துக்கு வந்துட்டீங்க. இப்பப் போயி அர்த்தம் சொன்னீங்கன்னா, உங்களுக்காகச் சண்டை போட்டவங்க மூஞ்சிய எங்கீங்க கொண்டுபோயி வெச்சுக்குவாங்க? ரண்டு நாளு பேசாம இருங்க. உங்க பேரே மௌனிகாதானுங்களே.”

தெரியாமல் அடித்தவர்களை மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே கூட்டத்தைக் கூட்டி வைத்திருந்த இவளை என்ன செய்வது? ராமலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன்.

“நீங்க என்ன சொல்றீகக்கா?”

“உன் விஷயம், நீ பாத்துக்க,” என்றேன்.

நான்கு வரியையும் அழித்தாள். மூன்றாம் நாள் ஓர் அறிவிப்புப் போட்டாள்: ‘உங்கள் அன்புக்கு நன்றி தங்கங்களே. எதிர்மறை எண்ணங்களைக் கண்டுகொள்ளாமல் பயணிப்போம்.’ எங்கிருந்து பொறுக்கினாளோ அந்தச் சொற்களை. அதை எழுதியவளும் செல்லத்தாயைக் கொன்றவளும் ஒரே ஆள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அறுநூறு இதயம் விழுந்தது.

அன்றைக்கே சிஞ்சு தன் கணக்கை அழித்துவிட்டாள். அதோடு அவள் எழுதியதெல்லாம் போயிற்று. செருப்பு, கரைச்சல், ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் அவள் கேட்டிருந்த கேள்விகள், எதுவும் இல்லை. ராமலட்சுமி ஒன்றைக்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. அருண்பாண்டியின் ஜீப் தினமும் கட்டப்பனை போகிறது, ஆனால் அங்கே எந்தச் சிஞ்சு என்று போய்க் கேட்பது? முப்பத்திரண்டாம் அத்தியாயத்துக்கு ‘செம்ம சிஸ்’ என்று வந்தது. அதை அவள் எனக்குப் படித்துக் காட்டவில்லை.

போன வியாழக்கிழமை முப்பத்துமூன்றை ஏற்றினாள். வெள்ளிக்கிழமை மதியம் தட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

“படிச்சீகளாக்கா?”

“நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

“செல்லத்தாய் டீ கொண்டாந்து குடுக்குற எடம்?”

“அதுவும் நல்லாருந்துச்சு. அவ இருந்தாலே ஒரு கலகலப்புத்தான.”

ராமலட்சுமி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவள் போன தினுசு சரியில்லையே என்று பிறகுதான் தொட்டி ஓரத்துக்குப் போய் அத்தியாயத்தைத் திறந்தேன்.

முதல் பத்தியிலேயே செல்லத்தாய் வந்தாள். இரண்டு கையிலும் டீ கிளாஸ், இடுப்பில் முந்தானை, ‘இந்தாடி குடி, ஆறிரப் போகுது’ என்று சத்தம். மரம் விழுந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. கனவு என்றோ நினைவு என்றோ எதுவும் இல்லை. இரண்டு அத்தியாயத்துக்கு முன் புதைத்தவளை ராமலட்சுமி வேண்டுமென்றே எழுப்பி நடக்கவிட்டு, யாராவது கேட்பார்களா என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறாள்.

கீழே ஆயிரத்து நூற்றுப் பதினேழு ஊக்கம். ‘டீ சீன் வேற லெவல்.’ ‘செல்லத்தாய் அக்கா மாஸ்.’ ‘இந்தப் புது கேரக்டர் சூப்பர் சிஸ், நிறைய வரச் சொல்லுங்க.’ எல்லாவற்றுக்கும் மேலே மருதாத்தாள் போட்ட பூங்கொத்து. கடைசிவரை தள்ளிக்கொண்டே போனேன். செத்தவள் எப்படி வந்தாள் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. நேரில் கேட்கப்பட்டும் கேட்காத நாய் ஒன்று உண்டு, அது நான்.

மூன்று வருடத்தில் முதன்முறையாகக் கருத்துப் பெட்டியைத் தொட்டேன். ஓர் எழுத்து அடிப்பதற்குள் ஃபோனே ‘சூப்பர்’ என்று எடுத்துக் கொடுத்தது. அதை அழித்துவிட்டு, ‘செல்லத்தாய் முப்பத்தொன்றிலேயே செத்துவிட்டாள்’ என்று அடித்தேன். அனுப்பினால் அடுத்த நிமிடம் அந்தப் படை என் பக்கம் திரும்பும், எனக்காக யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அனுப்பாமலே ஃபோனை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன், மூன்றாவது மேசைப் பக்கம் போகவில்லை.