கதவை மூடிவிட்டு அளந்தவர்

தேவாலயத்தில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எல்மர் டாலெஃப்சனின் கை இடுப்புக்குப் போகும். அங்கே அளவுநாடா தொங்கும். முன்வரிசை பெஞ்சுக்கும் தன் முழங்காலுக்கும் எத்தனை அங்குலம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். தான் பிடித்த மீனை ஒரு தடவை அளப்பார், அடுத்தவர் பிடித்த மீனை இரண்டு தடவை அளப்பார். மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும், "அரை அங்குலம் எடம் இருக்கு, கவலய விடு" என்பார்.

மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம், 1964ஆம் வருடத்து வான நீலக் கார். பதினோரு வருடமாக வீட்டுக் கராஜில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மனைவி லவோனின் கார் வெளியே பனியில் கிடக்கும். போன பிப்ரவரியில் அதை எடுக்கப் போன லவோன், உறைந்த தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்த அன்றே சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் மொத பனி விழறதுக்குள்ள என் கார் உள்ள நிக்கணும். இல்லேன்னா உன் நீலச் சீமாட்டிய வித்துடுவேன். ஆள் பாத்து வச்சாச்சு."

எல்மருக்கு விற்க மனசில்லை. லவோனின் கையைப் பார்த்தாலோ குற்ற உணர்ச்சி வேறு. ஒரு வாரம் தூங்காமல் யோசித்து ஒரு கார் லிஃப்ட் வாங்கிவிட்டார். நாலு இரும்புத் தூண், நடுவில் சக்கரம் நிற்க இரண்டு நீளத் தட்டு. நீலக் கார் மேலே ஏறிக்கொள்ளும், லவோனின் கார் கீழே நிற்கும். கூரையின் உயரத்தை ஒன்பது தடவை அளந்தார். சிமெண்டுத் தரையைத் துளைபோட்டு அதன் கனத்தையும் அளந்தார். லவோனின் கார் ஏரியலைக்கூட விட்டுவைக்கவில்லை.

தூண் நிறுத்தப் பக்கத்து வீட்டு ரோலி வந்தார். உதவிக்கு வந்தாரா, லவோன் சுட்ட ஆப்பிள் கேக்குக்கு வந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். மூன்று நாள் போல்ட் முடுக்கினார்கள். வியாழக்கிழமை பனி விழும் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. வியாழன் மத்தியானம் ஒருவழியாக வேலை முடிந்தது. குளிர்காற்று உள்ளே வராதபடி கராஜ் கதவை மூடிக்கொண்டு எல்மர் பொத்தானை அழுத்தினார். பூட்டுகள் கிளிக் கிளிக்கென்று விழ, நீலக் கார் மெல்ல உயர்ந்து கூரைக்கு நாலு விரற்கடை கீழே போய் நின்றது.

"அடேங்கப்பா!" என்றார் ரோலி, வாய் நிறையக் கேக்கோடு.

"பாத்தியா, அரை அங்குலம் பிசகல!" எல்மருக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே லவோன் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்மர் கதவுப் பொத்தானை அழுத்தினார். மேலேறி, வளைந்து, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்கிற கதவு அது. பாதி ஏறி, தொங்கும் நீலக் காரின் பின்புறத்தில் டங்கென்று முட்டி, பயந்துபோய்க் கீழே இறங்கிவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி டங்.

"கார கீழ எறக்கேன், கதவு தொறக்கும்" என்றார் ரோலி.

"எறக்கினா லவோன் கார் எங்கடா நிக்கும்?"

"அப்போ ஏத்து."

"ஏத்தித்தானேடா வச்சிருக்கேன்! ஏத்தினா கதவு தொறக்காது!"

இரண்டு பேரும் காரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஹாரன் அடித்தது. பிறகு கதவுக்கு வெளியே லவோனின் குரல் கேட்டது: "எல்மர்! கதவத் தொறந்து வச்சு அளந்தியா, மூடி வச்சு அளந்தியா?"

"மூடித்தான். குளிரா இருந்துச்சு."

"இங்க பனி விழ ஆரம்பிச்சாச்சு" என்றார் லவோன்.

எல்மர் நீலக் காரைக் கீழே இறக்கினார். அதன் எஞ்சின் ஏழு வருடமாகக் கழற்றிப்போட்டபடி நிலவறையில் கிடப்பதால், இருவரும் முக்கி முனகித் தள்ளி அதை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். லவோன் காரை உள்ளே ஓட்டி லிஃப்டின் மேலேயே நிறுத்தினார்.

"சரி, இப்ப இந்த லிஃப்ட் எதுக்கு?"

"உன் காருக்கு அடியில ஒட்டுற உப்பக் கழுவலாம்" என்றார் எல்மர். குரல் உள்ளே போய்விட்டது.

ரோலி மிச்சக் கேக்கோடு நழுவினார். நீல பானெட்டின் மேல் பனி உட்கார ஆரம்பித்தது. ராத்திரி எஞ்சின் உறைந்துபோகாமலிருக்க, வெளியே நிற்கும் காருக்கெல்லாம் கரண்ட் வயர் மாட்டிச் சூடேற்றுவது அந்த ஊர் வழக்கம். எல்மர் ஒரு ஆரஞ்சு வயரை இழுத்துக்கொண்டு போய் நீலக் காரின் பானெட்டுக்குள் சொருகினார்.

"எல்மர், அதுலதான் எஞ்சினே இல்லையே."

"அது அதுக்குத் தெரியாதுல்ல" என்றார் எல்மர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

லவோன் குனிந்து, தரையில் கிடந்த வயரின் மறுமுனையை எடுத்துச் சுவரில் செருகினார்.