கேரி தீவில் கிடா எடுக்கப் போனது

அன்றைக்கு இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர்: நான், என் மனைவியின் தம்பி குணா, லோரி ஓட்டிய ஹமீது அண்ணன், கேரி தீவில் செம்மறி ஆடு வளர்க்கும் ராஜாத்தி அக்கா. ஐந்தாவது ஆள் யாரும் இல்லை.

காலை 6.40. பிரிக்பீல்ட்ஸில் என் சாவிக் கடையின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சென்ட்ரலில் கிள்ளான் ரயில் ஏறினேன். சட்டைப் பையில் இரண்டாயிரம் மலேசிய வெள்ளி. நிலையத்துக்கு நிலையம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

பணம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பக்கம், குணாவின் நண்பருடைய எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு அடியில் எங்கள் இருவருக்கும் பதினான்கு பெட்டைச் செம்மறி ஆடுகள் உண்டு. சின்ன உருவம் கொண்ட உள்ளூர் ஆடுகள். முதல் வருடம் டோர்ப்பர் கிடா ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். தென்னாப்பிரிக்க இனம்; வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை. பிறந்த குட்டிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. சரி, இனி வாடகை எதற்கு என்று, அந்தக் குட்டிகளில் நல்ல கிடா ஒன்றை நிறுத்திக்கொண்டு, அதன் தாயோடும் தங்கைகளோடும் விட்டோம். அடுத்த ஈற்றில் ஒரு குட்டி தகப்பன் மாதிரி, ஒன்று பாட்டி மாதிரி, இரண்டு பூனை மாதிரி. மூன்று செத்தன. இந்தத் தடவையும் இப்படியே ஆனால் ஆடுகளை விற்றுவிட வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆகவே, இன்று எடுக்கும் கிடா தப்பாகக் கூடாது.

7.55. கிள்ளான் நிலைய வாசலில் குணாவும் ஹமீது அண்ணனும் தே தாரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். லோரி வாடகை போக வர நூற்றைம்பது வெள்ளி; அது குணாவின் செலவு.

“மாப்பிள்ளை எடுக்கத்தானே போறோம்? திரும்பி வர்றப்ப ஹார்ன் அடிச்சுக்கிட்டே வரட்டா?” என்றார் ஹமீது அண்ணன்.

“மொதல்ல மாப்பிள்ளை அமையட்டும் அண்ணே,” என்றேன்.

“மச்சான் பொண்ணு பார்க்கப் போனப்பவும் இதே மூஞ்சிதான்,” என்றான் குணா.

பந்திங் சாலையில் தெலுக் பங்ளிமா காராங் வரை கன்டெய்னர் லோரிகள் எங்களை நெருக்கின. பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் இறங்கியதும் சத்தம் அப்படியே நின்றுபோனது. இரு பக்கமும் செம்பனை. கிள்ளானிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். வேறு ஊருக்கு வந்தது போலிருந்தது.

9.10. ராஜாத்தி அக்கா ரப்பர் பூட்ஸோடு வந்தார். தோட்டத்தில் களை மருந்து அடிக்கும் வேலையை விட்டுவிட்டு, அந்தக் களையைத் தின்னவே ஆடு வளர்க்கிறவர். ஒரு கிடாவின் நெஞ்சில் சிவப்புச் சாயம் அப்பியிருந்தது. அடிபட்டிருக்கிறதோ என்று பயந்து கேட்டேன்.

“காயம் இல்லண்ணே. அது எந்தப் பெட்டை மேல ஏறுதோ அது முதுகுல சாயம் ஒட்டிக்கும். தேதி எழுதிக்கலாம். அஞ்சு மாசத்துல குட்டி. எது யார் புள்ளைன்னு சண்டையே வராது.”

எங்கள் கதையைச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

“எல்லாரும் பண்ற தப்புதான். மொத தடவை தூரத்து ரத்தம் ரெண்டு சேருது, அந்தப் பலத்துல குட்டி எகிறுது. அதையே திரும்ப வீட்டுக்குள்ள விட்டா அந்தப் பலம் இறங்கிடும்.”

நான் வெட்டும் சாவி அசலைப் போலவே வரும். ஆடு அப்படி இல்லை என்பதை அங்கே நின்றுதான் யோசித்தேன்.

விற்பனைக்கு இரண்டு கிடாக்கள் இருந்தன. காதில் 12 என்று அட்டை மாட்டிய பெரியது. 31, கொஞ்சம் சிறியது. இரண்டும் எங்கள் ஆடுகளுக்கு உறவில்லாதவை. ஒரே வாரத்தில் பிறந்தவை. பத்து மாத வயது. குணா நேராகப் பன்னிரண்டின் முதுகைத் தட்டினான். “இதான் மச்சான். பாரு, பாடி பில்டர் லா!”

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை. “அக்கா, இது ஏன் பெருசா இருக்கு?” என்றேன். குணா தலையில் அடித்துக்கொண்டான். அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டை என் கையில் கொடுத்தார்.

பதினான்கு வயதில், படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். எண்கள் வாசிக்க வரும். பன்னிரண்டு: ஒற்றைக் குட்டி. மூன்று மாதத்தில் 21 கிலோ, இன்றைக்கு 42. முப்பத்தொன்று: இரட்டைக் குட்டி. மூன்று மாதத்தில் 15, இன்றைக்கு 40.

லோரிக் கதவில் நோட்டை வைத்துக் கழித்துப் பார்த்தேன். தப்போ என்று இன்னொரு தடவை கழித்தேன். மூன்று மாதத்தில் தாய்ப்பாலை விட்ட பிறகு பெரியது ஏறியது 21 கிலோ. சின்னது ஏறியது 25.

“அப்போ பெருசு, பாலை ஒத்தையா குடிச்சு வந்த பெருசா அக்கா?”

“சரிபாதி அம்மா பால்தான் அண்ணே. பாலைக் குட்டிக்குக் குடுக்க முடியுமா அந்தக் கிடாவால? ரத்தத்தைத்தான் குடுக்கும்.”

“பாக்கறதுக்குச் சின்னதா இருக்கே,” என்றான் குணா.

“உன் அக்காவைக் கட்டினப்ப நானும் அப்படித்தான் இருந்தேன்,” என்றேன். ஹமீது அண்ணன் சிரித்ததில் ஆடுகள் ஓடின.

எது எடுத்தாலும் விலை இரண்டாயிரத்து அறுநூறு என்றார் அக்கா.

“சின்னதுக்கும் அதே விலையா?”

“நீங்க கழிச்சுப் பார்க்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா குறைச்சிருப்பேன் லா.”

11.30. முப்பத்தொன்றை ஏற்றினோம். பாலத்தின் மேல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அது சாவகாசமாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் கிள்ளானில் நாங்கள் ஆட்டைக் கண்ணால் பார்த்து, கையால் தூக்கி, நல்லது என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்கம் ஒரு தராசும் ஒரு நோட்டும் இருக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம். தராசு வாங்க வேண்டும். அது என்ன விலையோ.

கிளம்பும்போது இரண்டாயிரத்தையும் எண்ணிக் கொடுத்திருந்தேன். மீதியை, இந்தக் கிடாவின் முதல் குட்டிகள் பால் மறக்கும்போது, அவற்றின் எடையை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தால் போதும் என்றார் அக்கா.

“குட்டி நல்லா ஏறலைன்னா அக்கா?”

“ஏறலைன்னாலும் அறுநூறு வெள்ளிதான் அண்ணே.”